கடல் மீன் தொட்டிக்கு வெறுந்தண்ணீர் செய்த கதை

எங்கள் வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று ஏறினால் மொட்டை மாடியில் காயும் துணியெல்லாம் பிசுபிசுத்துவிடும். தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு ஸ்கூட்டியில் பத்து நிமிஷம். அப்படிப்பட்ட வீட்டுக் கூடத்தில் மூன்றடிக் கண்ணாடித் தொட்டி வைத்து, கூரியரில் உப்பு வரவழைத்துக் கரைத்து, அதில் இரண்டு நீமோ மீன் விட்டிருக்கிறேன். என் மாமியார் சிரிக்காமல் என்ன செய்வார்?

"கடலு பக்கத்துலயே கெடக்குது. நீ காசு குடுத்துத் தண்ணிய சுத்தம் பண்ணி, அப்புறம் காசு குடுத்து உப்பு வாங்கிக் கொட்டி, கடலு செய்யறியா?"

அத்தை கேட்டதில் தப்பில்லை. 2023 டிசம்பரில் ஏழாம் வகுப்பு படிக்கும் மகன் தொட்டி கேட்டு நச்சரிக்க ஆரம்பித்தபோது, நானும் முதலில் இரண்டு இருபது லிட்டர் கேனைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குத்தான் போனேன். மொண்டு வந்த தண்ணீரை, உப்பின் அளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் 27. கடல் தண்ணீரின் சராசரி உப்பு ஆயிரத்துக்கு 35. கெடிலமும் தென்பெண்ணையும் நம் ஊரை ஒட்டித்தான் கடலில் சேர்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்று வெள்ளம் கரையோரக் கடலை அப்படி நீர்க்க வைத்துவிடும். கோடையில் அதே இடத்தில் 35 வந்தது. உப்பைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம் என்றாலும் சேற்றுக் கலங்கல், படகு டீசல், கேனுக்குள் செத்து அம்மோனியாவாக மாறும் மிதவை உயிர்கள், போதாததற்கு உப்பனாற்றங்கரையில் தொழிற்பேட்டை. கடல் தண்ணீரில் வெற்றிகரமாக மீன் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் நான் இருபது வருஷமாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத ஒன்றை வாரா வாரம் ஊற்ற எனக்கு மனசு வரவில்லை.

சரி, போர் தண்ணீரில் உப்பைக் கரைத்தால் என்ன? எங்கள் போரில் டிடிஎஸ், அதாவது லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கரைந்திருக்கும் உப்பு, 960. தொட்டி மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கணக்குக்கு 191 லிட்டர், மணலும் பாறையும் போக உண்மையில் 150 லிட்டர் பிடிக்கிறது. இந்த ஊர்ச் சூட்டுக்கும் ஃபேன் காற்றுக்கும் தினமும் இரண்டரை லிட்டர் ஆவியாகிறது. ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அதனால் குறைந்ததை உப்பில்லாத தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். அங்கே போர் தண்ணீரை ஊற்றினால் நாளைக்கு 2.4 கிராம், மாதத்துக்கு 72 கிராம் வேண்டாத உப்புகள் உள்ளே சேரும். சுண்ணாம்பு, நைட்ரேட், சிலிக்கேட், இரும்பு எல்லாம் அதில் அடக்கம். நைட்ரேட்டும் ஃபாஸ்பேட்டும் பாசிக்குச் சாப்பாடு, சிலிக்கேட் பழுப்புப் படலத்துக்குச் சாப்பாடு. தாமிரம் துளி இருந்தாலும் இறால் வகைகள் பிழைக்காது.

பவளம் வளர்க்கவில்லையா என்று கேட்பவர்களுக்கு: இங்கே கூடாது. பாறை கட்டும் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கரையில் ஒதுங்கிய துண்டுதானே என்று எடுத்து வந்து வைப்பதும் வம்பு. எங்கள் தொட்டியில் இருப்பது செயற்கைப் பாறை, குஞ்சு பொரிப்பகத்தில் வளர்ந்த கோமாளி மீன் (அந்த நீமோதான்) ஜோடி, ஒரு துப்புரவு இறால்.

முதல் மூன்று மாதம் சமையலறை ஆர்ஓ தண்ணீரில்தான் ஓட்டினேன். அதுதான் சுத்தமான தண்ணீர் என்று நாம் நம்பி வைத்திருக்கிறோமே. மார்ச் மாதம் தொட்டிக் கண்ணாடி முழுக்கப் பழுப்புப் பொடி, அதன் மேல் பச்சை நார். மகன் சுரண்டுகிறான், மறுநாள் காலையில் திரும்ப வந்துவிடுகிறது. புதுத் தொட்டியில் முதல் சில வாரம் பழுப்புப் படலம் வருவது சகஜம்தான், இது போகவே இல்லை. மீன் கடை ஃபாஸ்பேட் கிட்டில் நிறம் 0.5-க்கும் 1-க்கும் நடுவில் நின்றது. எனக்கு 0.1-க்குக் கீழே வேண்டும். (எங்கள் பரிசோதனைக் கூடத்தில் ஃபாஸ்பரஸ் பார்க்கும் ரியேஜென்ட் திரவத்தில் ஓட்டிப் பார்க்கும் ஆசையும் வந்தது. அது ரத்தத்துக்கான அளவு. இந்தச் சின்ன எண்ணெல்லாம் அதன் கண்ணுக்கே தெரியாது என்பது உறைத்ததும் விட்டுவிட்டேன்.)

சமையலறை மெஷினின் குழாயில் டிடிஎஸ் 70. மூடியைக் கழற்றிப் பார்த்தபோது காரணம் புரிந்தது. குடிக்கிற தண்ணீர் சப்பென்று இருக்கக் கூடாது என்பதற்காக டிடிஎஸ் கன்ட்ரோலர் என்று ஒரு சின்னத் திருகு இருக்கிறது. உப்பைத் தடுக்கும் சவ்வான மெம்பிரேனுக்குள் போகாத தண்ணீரில் கொஞ்சத்தை எடுத்து, வடிகட்டிய தண்ணீரோடு கலப்பது அதன் வேலை. குடிக்க அது சரி. ஆனால் எங்கள் வெளிக் கிண்ண வடிகட்டியில் சர்வீஸ் தம்பி போட்ட ஆன்டிஸ்கேலன்ட் உருண்டைகள் கிடந்தன. மெம்பிரேனில் உப்புப் படியாமல் இருக்கப் போடுகிற அந்தக் கண்ணாடி உருண்டைகளில் பெரும்பாலானவை ஃபாஸ்பேட் சேர்மானம். அவை கரைந்த தண்ணீர் கன்ட்ரோலர் வழியாக நேரே என் தொட்டிக்கு வந்திருக்கிறது. மீன் தீனியிலிருந்தும் ஃபாஸ்பேட் சேரும், பழி முழுவதையும் உருண்டை மேல் போட மாட்டேன். ஆனாலும் நான் பாசியைச் சுரண்டிக்கொண்டே அதற்கு உரமும் போட்டுக்கொண்டிருந்தேன்.

தொட்டிக்கென்று தனியாக ஒரு ஆர்ஓ மாட்டுவது என்று முடிவானது. மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் பாண்டிச்சேரி போய், ஆர்ஓ உதிரி பாகக் கடையில் எல்லாவற்றையும் ஒரே பையில் வாங்கினேன். பத்து இஞ்ச் கிண்ணம் இரண்டு, மண், தூசியைப் பிடிக்கும் ஐந்து மைக்ரான் ஸ்பன் ஃபில்டர், குளோரினைப் பிடிக்கும் கார்பன் பிளாக், 75 ஜிபிடி (நாளைக்கு 75 காலன்) மெம்பிரேன், அதன் கூடு, பூஸ்டர் பம்ப், அடாப்டர், கழிவுத் தண்ணீரின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் எஃப்ஆர், கால் இஞ்ச் வெள்ளைக் குழாய் பத்து மீட்டர். மெம்பிரேனைத் தாண்டி வரும் மிச்ச உப்பையும் பிடிக்கும் கலப்பு டிஐ ரெசின் மணிகள் மட்டும் கிடைக்கவில்லை. பரிசோதனைக் கூடத்துக்குச் சப்ளை செய்பவரிடம் சொல்லி ஒரு லிட்டர் வரவழைத்தேன். தீர்ந்தால் நீலத்திலிருந்து பழுப்புக்கு மாறும் ரகம்.

மாட்டிக் கொடுக்க வந்தது அதே சர்வீஸ் தம்பி. கன்ட்ரோலர் வேண்டாம், மினரல் வேண்டாம், உருண்டை வேண்டாம் என்றதும் அவருக்குப் பொறுக்கவில்லை. "ஜீரோ டிடிஎஸ் தண்ணி குடிச்சா உடம்புக்கு ஆவாதுக்கா." குடிக்க இல்லை தம்பி, மீனுக்கு என்றேன். "மீனு மட்டும் என்னக்கா பாவம் பண்ணிச்சு?" அதில் போர் தண்ணீரில் இருப்பதைப் போல் 38 மடங்கு உப்பை நானே போடப்போகிறேன் என்று சொல்லிப் புரியவைக்கப் பாதி டீ ஆறிவிட்டது.

இடம் சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் பின்கட்டு. மொட்டை மாடி டேங்கிலிருந்து அங்கே இறங்கும் உயரம் ஐந்து மீட்டர். பத்து மீட்டருக்கு ஒரு பார், அதாவது 14.5 பிஎஸ்ஐ, ஐந்து மீட்டருக்கு ஏழு. மெம்பிரேன் ஒழுங்காக வேலை செய்ய ஐம்பதுக்கு மேல் வேண்டும். பூஸ்டர் பம்ப் இல்லாமல் இந்த வேலையில் இறங்குவது வீண். இவ்வளவு அழுத்தம் இருக்கிறதே, கடல் தண்ணீரையே இதில் விட்டால் என்ன என்று மகன் கேட்டான். நல்ல கேள்வி. கடல் தண்ணீர் மெம்பிரேனைத் திருப்பித் தள்ளும் சவ்வூடு அழுத்தமே ஏறக்குறைய 27 பார். எங்கள் பம்ப் முக்கினாலும் ஆறு பார். நெம்மேலியில் சென்னைக்காகக் கடல் தண்ணீரைக் குடிநீராக்க அவ்வளவு பெரிய பம்ப்புகள் ஓடுவது அதனால்தான்.

போரில் குளோரின் கிடையாது. இருந்தாலும் கார்பனை விடவில்லை. எப்போதாவது போர் காலை வாரினால் லாரித் தண்ணீரோ மாநகராட்சித் தண்ணீரோ டேங்கில் ஏறும், அதில் குளோரின் இருக்கும். அது மெம்பிரேனை அரித்துவிடும். இன்னொன்று, மெம்பிரேனுக்கு அப்புறம் எங்கேயும் பித்தளை இணைப்பு போட விடவில்லை. சத்தில்லாத தண்ணீர் உலோகத்தைக் கரைத்து எடுத்துக்கொள்ளும், அந்தத் தாமிரம் நேரே இறாலிடம் போகும். எல்லாம் பிளாஸ்டிக் எல்போதான்.

புது மெம்பிரேனில் பதப்படுத்தும் மருந்து இருக்கும் என்பதால் முதல் இரண்டு மணி நேரத் தண்ணீரைக் கீழே விட்டோம். அப்புறம் மீட்டரை விட்டேன். 140. தம்பிக்கு அது போதுமான சுத்தம். "960-லேர்ந்து 140, சூப்பரா இருக்குக்கா, ரெசின் போட்டா ஜீரோ ஆயிடும்." ஆகும்தான். 140-ஐயும் ரெசின் விழுங்கும், ஆனால் எத்தனை நாளைக்கு? இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டதே இதைத்தான். கடைசிக் குழாயில் ஜீரோ வருகிறதா என்று மட்டும் பார்த்தால் முன்னால் நடக்கிற எல்லாத் தப்பையும் ரெசின் மூடி மறைத்துவிடும். பரிசோதனைக் கூடத்தில் ஒரு ரிசல்ட் இடறினால் சாம்பிள், ரியேஜென்ட், மெஷின் என்று ஒவ்வொரு படியாகத்தான் பின்னால் போவோம். இங்கேயும் போர், மெம்பிரேன், ரெசின் என்று மூன்று இடத்தில் அளந்து சமையலறைக் காலண்டரில் குறிப்பது என்று வைத்துக்கொண்டேன்.

நல்ல மெம்பிரேன் 95 சதவீதத்துக்கு மேல் உப்பைத் தடுக்க வேண்டும். 960-க்கு 48-க்குள் வந்திருக்க வேண்டும். தம்பி போன பிறகு கூட்டைத் திறந்து மெம்பிரேனை உருவினேன். கறிவேப்பிலைக் கட்டு மாதிரி இறுகியிருக்கும், பிளையர் வைத்துத்தான் இழுக்க வேண்டியிருந்தது. அதன் நுனிக் குழாயில் இரண்டு சின்ன ரப்பர் வளையங்கள். அதில் ஒன்று உருண்டு, ஓரம் கிழிந்திருந்தது. காய்ந்த நிலையில் அழுத்தித் தள்ளியிருக்கிறோம். அந்தக் கிழிசல் வழியாகக் கழிவுத் தண்ணீர் நல்ல தண்ணீரோடு சேர்ந்துகொண்டிருந்தது. அஞ்சு ரூபாய் வளையம். மறுநாள் புதுசு வாங்கி, தண்ணீரில் நனைத்து, திருகிக்கொண்டே மெதுவாக உள்ளே தள்ளினேன். 38.

அப்புறம் அளவு ஜாடியும் செல்போன் ஸ்டாப்வாட்ச்சும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 75 ஜிபிடி என்றால் ஒரு நாளில் 284 லிட்டர், நிமிஷத்துக்கு 197 மில்லி. எனக்கு வந்தது 210. கழிவுக் குழாயில் 460. ஒரு பங்கு நல்ல தண்ணீருக்கு ஏறக்குறைய இரண்டே கால் பங்கு கழிவு. அத்தை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "ஒரு கொடத்துக்கு ரெண்டு கொடம் சாக்கடைக்கா?" எஃப்ஆரை மாற்றிக் கழிவைக் குறைக்க முடியும்தான். ஆனால் உருண்டை போடாத இடத்தில், இந்தச் சுண்ணாம்புத் தண்ணீரில், கழிவையும் குறைத்தால் மெம்பிரேன் சீக்கிரம் கல்லாகிவிடும். அதைத் தொடவில்லை. கழிவில் டிடிஎஸ் 1,380 இருந்தது. மல்லிகைத் தொட்டிக்கு ஆகாது, தென்னை தாங்கும். இப்போது ஒரு டிரம்மில் பிடித்துப் பாத்ரூமுக்கும் வாசல் கழுவவும் போக மிச்சம் கொல்லையில் இருக்கும் இரண்டு தென்னைக்குப் போகிறது. அத்தை சமாதானமானார்.

ரெசினில்தான் அதிகம் சறுக்கினேன். சுவரில் அழகாக இருக்கட்டும் என்று மெம்பிரேன் கூட்டுக்கு மேலேயே ரெசின் குழாயைப் படுக்க வைத்துக் கிளிப் மாட்டியிருந்தோம். ஜீரோ வரவே இல்லை, முதல் நாளே 6. ரெசின் பழசோ என்று சப்ளை செய்தவரைப் போனில் கொஞ்சம் கடிந்துகொண்டேன். பிறகு டார்ச் அடித்துப் பார்த்தால் குழாயின் மேல் பாதியில் ஒரு வெற்றிடம். ரெசின் மணிகள் கீழே படிந்திருக்க, தண்ணீர் அவற்றைத் தொடாமல் மேலாகவே ஓடிப் போயிருக்கிறது. குழாயை நிமிர்த்தி, தண்ணீர் கீழே நுழைந்து மேலே வெளியேறும்படி மாற்றினேன். இரண்டே நிமிஷத்தில் 0. சப்ளைக்காரரிடம் மறுபடி போன் செய்து மன்னிப்புக் கேட்டது தனிக் கதை.

ஜீரோ வந்துவிட்டது என்று சந்தோஷமாக இருந்தால், 190 லிட்டரிலேயே ரெசின் முழுக்கப் பழுப்பாகிவிட்டது. கணக்குப்படி ஒரு லிட்டர் கலப்பு ரெசின் சுமார் 25 கிராம் உப்பைப் பிடிக்கும். 38 டிடிஎஸ் தண்ணீர் என்றால் 650 லிட்டர் ஓட வேண்டும். மிச்சம் எங்கே போனது?

பாதிப் பதில் என் பழக்கத்தில் இருந்தது. தினமும் காலையில் இரண்டரை லிட்டர் மட்டும் பிடித்துவிட்டு நிறுத்துவேன். மெம்பிரேன் சும்மா நிற்கும்போது இந்தப் பக்கத்து உப்பு மெல்ல அந்தப் பக்கம் ஊறிவிடும். மறுநாள் பம்ப்பைப் போட்டதும் வரும் முதல் தண்ணீரை அளந்தேன், 210. ஐந்து நிமிஷம் கழித்துத்தான் 38-க்கு இறங்கியது. அதாவது தினமும் மிக மோசமான ஐந்து நிமிஷத்தை ரெசினுக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன். மிதவை வால்வு போட்டுத் தானாக நிரப்பும் யோசனையை அன்றே கைவிட்டேன். அது நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஓடி நின்று இதே தொல்லையைப் பெருக்கும்.

மீதிப் பதில் கரியமில வாயு. ஆழத்திலிருந்து வரும் போர் தண்ணீரில் அது கரைந்திருக்கும், வாயு என்பதால் மெம்பிரேன் தடுக்காது, டிடிஎஸ் மீட்டரிலும் பெரிதாகத் தெரியாது. ரெசின் மட்டும் அதையும் உப்புக் கணக்கில் சேர்த்துப் பிடித்துத் தீர்ந்து போகும். மெம்பிரேன் தண்ணீரை ஒரு வாளியில் வைத்து, காற்றுக் கல் போட்டு ராத்திரி முழுக்கக் குமிழ விட்டேன். மாலையில் 5.9 காட்டிய பிஹெச் காலையில் 7 பக்கம் வந்திருந்தது. இவ்வளவு சுத்தமான தண்ணீரில் பிஹெச் மீட்டர் நிதானமாக நிற்காது, எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஆனால் போகிற திசை தெளிவாக இருந்தது.

அதனால் வரிசையை உடைத்தேன். இப்போது சனிக்கிழமை சாயங்காலம் பம்ப்பைப் போட்டு முதல் பத்து நிமிஷத் தண்ணீரைக் கழிவு டிரம்முக்கு விடுகிறேன். அப்புறம் மூன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடினால் உணவுத் தர கேன் இரண்டு, நாற்பது லிட்டர். இரண்டிலும் ராத்திரி காற்றுக் கல். ஞாயிறு காலை கேனைப் பின்கட்டு மேடையில் தூக்கி வைத்து, அதன் குழாயை ரெசின் குழாயின் அடியில் செருகிவிட்டால் பம்ப் இல்லாமலே சொட்டுச் சொட்டாக மேலேறி அடுத்த கேனில் விழுகிறது. நேரம் ஆகும். ஆகட்டும், ஞாயிற்றுக்கிழமைதானே. அடுத்த ரெசின் 600 லிட்டர் தாண்டியது.

அந்த நாற்பதில் பதினைந்து லிட்டர் வாராந்திரத் தண்ணீர் மாற்றத்துக்கு. லிட்டருக்கு 37 கிராம் உப்பு, அதாவது 555 கிராம். முதலில் தண்ணீர், சின்னப் பம்ப் சுழன்றுகொண்டிருக்க, கை கையாக உப்பு. உப்பின் மேல் தண்ணீரை ஊற்றினால் வெள்ளையாகத் திரிந்து அடியில் படிந்துவிடும், அப்புறம் கரையவே கரையாது. ஒரு நாள் சுழல விட்டு 35 பார்க்கிறேன். ரிஃப்ராக்டோமீட்டரைச் சிறுநீர் அடர்த்தி பார்க்க நாங்கள் கூடத்தில் வைத்திருப்பதால் கை பழகியது. வெறுந்தண்ணீரில் பூஜ்ஜியம் வைப்பதோடு நிற்காமல் 35 திரவம் ஒரு புட்டி வாங்கி அதிலும் சரிபார்ப்பது நல்லது. என் கருவி பூஜ்ஜியத்தில் சரியாகவும் 35-இல் இரண்டு புள்ளி தள்ளியும் இருந்தது. மீதி இருபத்தைந்து லிட்டர் ஆவியை நிரப்ப. வாரத்துக்குப் பதினேழரைதான் செலவு, மிச்சம் கையிருப்பு.

கையிருப்பு தேவையா என்ற சந்தேகம் 2024 நவம்பர் 30 ராத்திரி தீர்ந்தது. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை ஏறியது. அடுத்த இரண்டு, மூன்று நாளில் தென்பெண்ணை பெருகி ஊரின் பல இடங்களில் வெள்ளம். எங்கள் தெருவில் தண்ணீர் ஏறவில்லை, கரண்ட் மட்டும் வரவில்லை. பேட்டரி காற்றுப் பம்ப் தொட்டியைப் பார்த்துக்கொண்டது, மூன்று கேன் வெறுந்தண்ணீர் தயாராக இருந்தது. கரண்ட் வந்து போரைப் போட்டதும் இறங்கியது செங்காமட்டை நிறத் தண்ணீர். அதை மெம்பிரேன் பக்கம் விடாமல் டேங்கைக் கழுவி, ஸ்பன் ஃபில்டரை மாற்றினேன். சாதாரணமாக அது இரண்டு மாதத்தில் பழுப்பாகும், அன்று மாட்டியது ஒன்பதே நாளில் ஆனது. இருபது நாள் கழித்துத்தான் போர் தெளிந்தது.

பாசி? பழுப்புப் படலம் ஜூலைக்குள் போய்விட்டது. பச்சை நார் முழுக்கப் போகவில்லை, பின்பக்கக் கண்ணாடியில் கொஞ்சம் இருக்கிறது. ஃபாஸ்பேட் இப்போது 0.1-ஐ ஒட்டி. மகன் தீனியை அள்ளிப் போடுவதை நிறுத்தினால் அதுவும் குறையும், அதை எந்த மெம்பிரேனாலும் செய்ய முடியாது.

நேற்றைய காலண்டர் குறிப்பு: போர் 955, மெம்பிரேன் 46, ரெசின் 0. நாற்பத்தாறு எனக்குப் பிடிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை கூட்டைத் திறந்து முதலில் அந்த இரண்டு வளையங்களைப் பார்க்க வேண்டும்.